காந்தத்தில் ஒட்டாதது

பல்லடம் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த சென்னியப்பனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மடிக்கணினியைத் திறந்தாலும், கழற்றுகிற ஒவ்வொரு திருகாணியையும் ஒரு காந்தப் பலகையின் மேல், கணினியில் அது இருந்த இடம் எதுவோ அதே இடத்தில் வைப்பார். இடது மூலைத் திருகாணி இடது மூலையில் நிற்கும். கீல் அருகே இருந்தது கீல் அருகே நிற்கும். எல்லாவற்றையும் மறுபடி பூட்டிய பின் பலகையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். ஒன்றும் தட்டுப்படாவிட்டால் அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, "போனதெல்லாம் வந்துருச்சு" என்பார். அதன் பிறகுதான் கணினிக்கு உயிர் கொடுப்பார்.

எதிர் மேசையில் கைப்பேசித் திரைகளை மாற்றிக்கொண்டிருக்கும் அவர் மனைவி சரண்யா, "பூசை முடிஞ்சுதுங்களா? தீவாரதனை காட்டட்டுமா?" என்று கேலி செய்வாள். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் சென்னியப்பன் கடையில் திருகாணி மிஞ்சாது என்று ஊரில் பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவர் தம் சட்டையைப்போல் தினமும் அணிந்துகொண்டார்.

குரலை இழந்தவர்களுக்குக் குரல்துணை என்ற கருவி வந்துவிட்ட காலம் அது. கழுத்தில் ஒரு மெல்லிய பட்டை. மடியில் ஒரு கணினி. பேச நினைக்கும்போது தொண்டைத் தசைகளில் ஓடுகிற சிறு துடிப்புகளைப் பட்டை படிக்கும். கணினி அவற்றைச் சொற்களாக்கி, அவரவருடைய பழைய குரலிலேயே ஒலிக்கும். ஒருவருடைய குரல் அவருடைய வீட்டைவிட்டு எந்த இணைய வலைக்கும் போகக் கூடாது என்பது சட்டம். ஆகையால் அத்தனை வேலையையும் அந்த ஒற்றைக் கணினியே சுமக்க வேண்டியிருந்தது.

தமயந்தி அப்படியொரு கணினியைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் காலை கடைக்கு வந்தார். ஒரு காலத்தில் விசைத்தறிக் குடோன் நடத்தியவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி உரமேறிய குரல் அவருக்கு. தொண்டையில் வந்த நோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். சிகிச்சையில் விரல்களும் மரத்துப்போயின. பேனா பிடிக்க வராது. நல்லவேளையாக, நெசவாளர்களுக்கு அவர் கைப்பேசியில் அனுப்பிய குரல் செய்திகள் ஏராளமாக மிச்சமிருந்தன. அவற்றிலிருந்து செய்த குரல் என்பதால், "தண்ணி குடுங்க" என்று கேட்டால்கூட தறியில் பாவு நூலை அறுத்துவிட்டவனை அதட்டுவதுபோல் இருக்கும்.

"தம்பி, இதுக்குள்ள ஒரு தறி ஓடுது. காதே அடைக்குது. நிறுத்திக் குடு" என்றது தமயந்தியின் மடியிலிருந்த குரல்.

"காத்தாடியில தூசி அடைஞ்சிருக்குமுங்க. தொறந்து சுத்தம் பண்ணிட்டாச் சரியாப்போயிரும்."

"ரெண்டு நாள்ல வேணும். என்ற மவ வர்றா."

நிறைமதி என்ற அந்த மகளைப் பற்றி ஊருக்கே தெரியும். தாயின் விருப்பத்துக்கு மாறாகக் கூட வேலைபார்த்தவனை மணந்துகொண்டவள். திருமணத்துக்குத் தாய் போகவில்லை. அதன் பின் இருவருக்கும் பேச்சில்லை. இப்போது கணவனோடு நியூசிலாந்துக்குக் குடிபோகப் போகிறாள். போவதற்கு முன் கொஞ்ச நாள் தாயோடு இருக்க வருகிறாள்.

"இத்தன வருசமாச் சொல்லாம வெச்சிருக்கற ஒன்னச் சொல்லோணும் தம்பி. விசிலடிக்காம, கரகரங்காம, என்ற கொரல்லயே சொல்லோணும்."

சென்னியப்பன் அன்றே கணினியைத் திறந்தார். காத்தாடியில் பஞ்சுத் தூசி மெத்தைபோல் அப்பியிருந்தது. சூடு கடத்தும் குழாயைத் தூக்கி, காய்ந்த பசையைத் துடைத்து, புதுப் பசை வைத்து, எல்லாவற்றையும் பூட்டினார். பலகையைத் தடவினார், வழுவழுப்பாக இருந்தது. "போனதெல்லாம் வந்துருச்சு." கணினி பூனைபோல் சத்தமின்றி எழுந்தது. தமயந்தி தம் மரத்த விரல்களால் அவர் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அவர் திரும்பி வந்தார். முகம் வாடியிருந்தது.

"பேசிட்டிருக்கறப்பவே செத்துச் செத்துப் பொழைக்குது தம்பி. பாதிப் பேச்சுல நின்னுபோயிருது. அப்பறம் புல்லாங்குழல் ஊதிட்டு, எவளோ ஒருத்தி வணக்கம் சொல்றா."

சென்னியப்பன் கணினியை மேசைமேல் வைத்துப் பேசவைத்தார். பேருந்து நேரம் கேட்டார், தக்காளி விலை கேட்டார். கணினி ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. மின்கலத்தைக் கழற்றி மாட்டினார். நினைவுத் துண்டை எடுத்துத் துடைத்துப் பொருத்தினார். மின்னேற்றியை மாற்றிக் கொடுத்தார். "வீட்டுக் கரண்டு ஏறி இறங்குமாட்ட இருக்குதுங்க" என்று சொல்லி அனுப்பினார். நாள்தோறும் பார்க்கும் வேலை ஒருவருக்குத் தருகிற நிம்மதியோடு, அந்தக் கணினியை மறந்தும்போனார்.

சில நாள் கழித்து, நிறைமதி வந்து தங்கியிருந்தபோது, தமயந்தி வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இம்முறை சென்னியப்பனே நேரில் போனார். சுவரிலிருந்த மின்செருகித் துளையில் அவர் மின்னழுத்தத்தை அளந்துகொண்டிருக்க, அவருக்குப் பின்னால் தாயும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். அரிசி ஊறவைப்பது பற்றி, பக்கத்து வீட்டு நாய் பற்றி. கணினி ஒழுங்காகப் பேசியது. திடீரென்று மகளின் குரல் தாழ்ந்தது.

"அம்மா, ஒன்னே ஒன்னு கேக்கறேன். நீ ஏன் வரல? எல்லாரும் வந்தாங்க, நீ மட்டும் வரல. அது ஏன்னு மட்டும் சொல்லிரு."

"அன்னிக்கு உன்ற கல்யாணத்தப்ப நானு..."

சொல் அறுந்தது. திரை இருண்டது. கணினி மறுபடி எழும்போது ஒலிக்கும் புல்லாங்குழல் இனிமையாக ஊதி ஓய்ந்தது. யாரென்று தெரியாத ஒரு பெண், "வணக்கம்! நான் தயாராக இருக்கிறேன். இன்று எதைப் பற்றிப் பேசலாம்?" என்றாள்.

நிறைமதி எழுந்துவிட்டாள். "பாத்தீங்களாண்ணா? நான் கேக்கறப்பல்லாம் இப்புடித்தான். பட்டனை அமுக்கிப்போடறா."

குரல்துணை வைத்திருந்தவர்களிடையே அப்படியொரு வழக்கம் பரவியிருந்தது உண்மைதான். பேச்சுப் பிடிக்காவிட்டால் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திவிடுவார்கள். கணினி அணைந்து மறுபடி தொடங்கும். எதிரில் இருப்பவர் முகத்தில் கதவைச் சாத்துவதற்கு அது சமம். அதனால் உடைந்த குடும்பங்கள்கூட உண்டு.

தமயந்தி தலையை வேகமாக அசைத்தார். இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். பிறகு சென்னியப்பனைப் பார்த்தார். அந்தப் பார்வை ஒரு சாட்சியைத் தேடியது.

சென்னியப்பனுக்கு அந்தக் கணத்தில் தோன்றியது ஒன்றுதான்: தாம் பூட்டிய கணினி தவறு செய்யாது. பலகை வெறுமையாக இருந்ததை அவர் கையே அறியும்.

"வெரல் மரத்துப்போனதுனால, பட்டன்ல கைபடறது அவங்களுக்கே தெரியிலீங்களாட்ட இருக்குது" என்றார். "அம்மா, கையக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கங்க. அப்பறம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுனா இந்தக் கருவிக்குப் பாரம் சாஸ்தியாகுமுன்னு கம்பெனிக்காரங்களே சொல்றாங்க. மெதுவா, அமைதியாப் பேசிப் பழகுங்க."

தமயந்தி தம் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ அந்நியருடைய விரல்களைப் பார்ப்பதுபோல்.

அன்று முதல் அவர் அப்படியே பழகினார். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, ஏற்ற இறக்கமின்றிப் பேசினார். சிரிப்பு வந்தாலும் அடக்கினார்; ஒருமுறை சிரித்தபோதும் கணினி அணைந்துவிட்டதாம். பக்கத்து வீட்டு அம்மாள் கடைக்கு வந்திருந்தபோது, "இப்பத்தான் தமயந்தி மனுசியாட்டப் பேசறா. வீதியே அமைதியாப்போச்சு. நல்ல வேல செஞ்சீங்க" என்று சென்னியப்பனைப் பாராட்டினாள். கூடவே, நிறைமதி கோபித்துக்கொண்டு கோயம்புத்தூரில் தோழி வீட்டுக்குப் போய்விட்டதாகவும், வெள்ளிக்கிழமை விமானம் என்றும், போகும்போது தாயைப் பார்க்க வரப்போவதில்லை என்றும் சொன்னாள்.

பாராட்டு அவருக்கு இனிக்கவில்லை. ஒரு பழைய கணினியின் மின்சுற்று அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, நுண்ணிய இடுக்கியால் ஒரு சிறு துண்டைப் பிடித்து அதன் மேல் பற்றவைக்க முயன்றார். அந்த நுட்பமான வேலைக்கு அவர் எப்போதும் முழங்கையால் மேசையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேசையின் ஒரு கால் குட்டை. இன்று அழுத்தாமலேயே கை நிலையாக நின்றது.

"சரண்யா, இந்த மேசை ஆடுமே?"

"எப்பவோ சரி பண்ணீட்டேன். நீங்க இப்பத்தான் பாக்கறீங்களாக்கும்?" என்றாள் அவள், தலை நிமிராமல். "கூட்டறப்ப சின்னதா ஒரு தகடு கெடந்துச்சு. பளபளன்னு. காலுக்கு அடியில செருகுனேன், கச்சிதமா நின்னுக்கிச்சு."

சென்னியப்பன் குனிந்தார். மேசையைத் தூக்கி அந்தத் தகட்டை எடுத்தார். விரல்நகத்தைவிடச் சற்றே பெரிய, காகிதம்போல் மெல்லிய செம்புத் தகடு. ஓரத்தில் காய்ந்த பசையின் சாம்பல் நிறத் தடம்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, மயக்கம் வருதா?"

"இது தமயந்தியம்மா மெசினுது."

"என்னது?"

"யோசிக்கற சில்லுக்கும் சூடு கடத்தற கொழாய்க்கும் நடுவுல ஒரு எடைவெளி இருக்கும் பாரு, அதுக்கு வெச்சது. நான் பசையத் தொடைக்கறப்ப கையோட வந்திருக்குது, பலகையில வெச்சிருக்கறேன். பலகை சாஞ்சப்ப வழுக்கிக் கீழ விழுந்திருச்சு. திருகாணியெல்லாம் இரும்பு, காந்தம் புடிச்சுக்கும். செம்ப அது புடிக்காதல்ல?" அவர் தகட்டை உள்ளங்கையில் திருப்பினார். "எடைவெளியப் பசையால ரொப்பிப்போட்டு, பலகையத் தடவிப் பாத்து, கண்ணுல ஒத்திக்கிட்டேன்."

"அப்ப இங்க வெச்சுப் பாக்கறப்ப நல்லா ஓடுச்சே?"

"தக்காளி வெல சொல்றதுக்கு என்ன சூடு வரப்போவுது? மனசு பொங்கிப் பேசறப்பத்தான் அதுக்கு வேல சாஸ்தி. கோவம், அழுகை, சிரிப்பு, அத்தனைக்கும் கொரலு ஒவ்வொரு சொல்லுலயும் மாறோணும். அதுல சில்லு கொதிக்குது. கொதிச்சா, எரிஞ்சுபோகாம இருக்கறதுக்குத் தன்னத்தானே அணைச்சுக்குது. அந்தம்மா எதை மனசாரச் சொல்ல வந்தாலும், அதை மட்டும் பாத்துப் பாத்து நான் வெட்டியிருக்கறேன், சரண்யா."

சரண்யா தகட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பவே போய்த் தொறந்து இதை வெச்சுருங்க. மென்பொருள்ல கோளாறு இருந்துச்சு, சரி பண்ணீட்டேன்னு சொல்லிப்போடுங்க. ஆருக்குத் தெரியப்போவுது?" என்றாள்.

அவருக்கும் முதலில் தோன்றியது அதுதான். தகடு உள்ளே போய்விடும், கணினி அணையாது, ஊரில் உள்ள பெயர் அப்படியே இருக்கும். குரல்துணைக் கணினியைத் திறக்க வேண்டுமானால் உரிமம் வேண்டும். தவறு தம்முடையது என்று ஒப்புக்கொண்டால் அந்த உரிமம் போகும்.

சிறுவயதில் ஆட்டுப்பட்டியில் கேட்ட ஒரு கதை அவர் நினைவில் வந்தது. ஒரு பட்டிநாய்க்கு இருட்டில் வெள்ளாடு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அந்தி சாய்ந்ததும் வெள்ளையெல்லாம் உள்ளே வந்ததா என்று பார்க்கும். வந்திருந்தால் வாசலில் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும். ஒரு மழைநாளில் கறுப்புக் குட்டி ஒன்று வெளியே நின்று கத்தியது. நாய் எழுந்து பார்த்தது. வெள்ளை எதுவும் அங்கே இல்லை. "பட்டி நிறைந்திருக்கிறது, வெளியே ஆடு இருக்க வழியே இல்லை. கத்துவது காற்றாகத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு மறுபடி படுத்துவிட்டது.

கதையைச் சொன்ன மாமன் அங்கேயே நிறுத்திவிட்டார். குட்டி என்ன ஆனது என்று கேட்டுச் சிறுவனாக இருந்த சென்னியப்பன் அழுதது நினைவிருந்தது. நாயைத் திட்டியதும் நினைவிருந்தது.

"தகட்ட வெச்சா மெசினு சரியாயிரும்" என்றார் அவர், மெதுவாக எழுந்துகொண்டே. "ஆனா, அம்மா பட்டன அமுக்குனாங்கன்னு அந்தப் புள்ள நெனச்சுக்கிட்டிருக்குதே, அது சரியாவாது. தன்ற வெரலுதான் அமுக்கிருச்சுன்னு அந்தம்மா நெனச்சுக்கிட்டிருக்கறாங்களே, அதுவும் ஆவாது. அத ரெண்டையும் நாந்தான உள்ள வெச்சுப் பூட்டுனேன்? நாந்தான் தொறக்கோணும்."

சரண்யா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "செருகுனது நானு. எடுத்தப்பவே உங்களக் கேட்டிருக்கோணும்" என்றாள் தயங்கி. பிறகு வழக்கமான குரலில், "சட்டைய மாத்திக்கிட்டுப் போங்க. அவமானப்படப் போறவங்க நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுத்தான் போகோணும்" என்றாள்.

அவர் முதலில் குரல்துணைக் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அழைத்து, நடந்ததை நடந்தபடி பதிவு செய்யச் சொன்னார். பிறகு கோயம்புத்தூருக்குப் பேருந்து ஏறினார்.

தோழி வீட்டு வாசலில் நிறைமதி கதவைப் பாதிதான் திறந்தாள். உள்ளே கட்டி முடித்த பெட்டிகள் வரிசையாக நின்றன.

"அம்மா அனுப்புனாங்களா?"

"இல்லீங்க. நானாத்தான் வந்தனுங்க. உங்கம்மா பட்டன அமுக்கலீங்க. வெரலும் படலீங்க. அன்னிக்கு நான் சொன்னது பொய்யுங்க. தெரியாமச் சொன்ன பொய்யி, ஆனாலும் பொய்யி." உள்ளங்கையை விரித்து அந்தத் தகட்டைக் காட்டினார். "இதை உள்ள வெக்காம விட்டுப்போட்டனுங்க. அவங்க மனசவிட்டுப் பேச வாயெடுத்தப்பல்லாம் மெசினு செத்ததுக்கு இதுதான் காரணமுங்க."

நிறைமதி தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இத்துனூண்டா?" என்றாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அவளை என்னென்ன சொல்லீட்டு வந்திருக்கறேன் தெரியுமாண்ணா? பட்டனுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கற கோழைன்னேன். அவ பதிலே பேசல. மெசின மடியில வெச்சுக்கிட்டுச் சும்மாவே உக்காந்திருந்தா."

"பேசியிருந்தா அணைஞ்சு போயிருக்குமுங்க. அணைஞ்சா நீங்க இன்னும் கோவிப்பீங்கன்னு பயந்திருப்பாங்க."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தமயந்தி வீட்டுக் கூடத்தில் வெயில் இன்னும் இருந்தது. மகளைக் கண்டதும் தமயந்தி எழுந்தார், வாய் திறந்தது, உடனே அடக்கிக்கொண்டு, தட்டையாக, "வா, கண்ணு. உக்காரு. காப்பி. குடிக்கறயா?" என்றார். அந்த இடைவெளிகள் சென்னியப்பன் கற்றுக்கொடுத்தவை.

அவர் தரையில் உட்கார்ந்து, காந்தப் பலகையைப் பக்கத்தில் வைத்து, இருவர் கண்ணெதிரேயும் கணினியைத் திறந்தார். கணினி அணைந்திருந்ததால் தமயந்தியால் எதுவும் பேச முடியாது. ஆகவே சென்னியப்பனே எல்லாவற்றையும் சொன்னார். செம்பு விழுந்ததை, மேசைக் காலுக்குப் போனதை, விரலின்மேல் பழிபோட்டதை, அமைதியாகப் பேசச் சொன்னதை. தலை நிமிராமல் சொல்லி முடித்துவிட்டு, தகட்டை அதன் இடத்தில் அமர்த்தினார். நிறைமதியைக் கூப்பிட்டு அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அவள் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் குழாயை மேலே வைத்துப் பூட்டினார்.

புல்லாங்குழல் ஊதியது. "வணக்கம்! நான் தயாராக இருக்கிறேன்" என்றாள் யாரோ.

"அம்மா, இது நிக்குதான்னு சோதிச்சுப் பாக்கோணுமுங்க. தக்காளி வெலையெல்லாம் வேண்டாம். என்னத் திட்டுங்க. உள்ள இருக்கறதையெல்லாம் போட்டுத் திட்டுங்க."

தமயந்தி தயங்கினார். கழுத்துப் பட்டையைத் தொட்டுக்கொண்டார்.

"ஏண்டா," என்றது கணினி மெல்ல. பிறகு தறிக் குடோனே அந்தக் கூடத்துக்குள் வந்துவிட்டது. "ஏண்டா சென்னியப்பா! பொட்டுத் தகட்டக் கீழ போட்டுப்போட்டு, பலகையத் தடவிக் கண்ணுல ஒத்திக்கிட்டயாடா? என்ற வெரல நானே சந்தேகப்பட்டனே! ராத்திரியெல்லாம் இந்தக் கையப் பாத்துப் பாத்து அழுதனே! அழுதாலும் மெசினு அணைஞ்சுபோவும்னு அதையும் அடக்குனனே! சிரிக்கறதுக்குப் பயந்தவளப் பாத்திருக்கறயாடா நீயி? பக்கத்து ஊட்டுக்காரி வந்து, இப்பத்தான் நீ மனுசின்னு சொல்லீட்டுப் போறா! உன்ற பேரு கெடக்கூடாதுன்னு என்ற மவளத் தொரத்தி உட்டுட்டயேடா, பாவி!"

காத்தாடி உச்சத்தில் இரைந்தது. திரை அணையவில்லை. சென்னியப்பன் கைகட்டி நின்று ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொண்டார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. வீதியில் ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா" என்றாள் நிறைமதி. சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை. "இதுதான் எங்கம்மா."

தமயந்தி மகள் பக்கம் திரும்பினார். காத்தாடியின் இரைச்சல் சற்றே தணிந்து, பிறகு முன்னைவிட உயர்ந்தது. சென்னியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு உன்ற கல்யாணத்தப்ப நானு வந்தேன், கண்ணு. மண்டபத்து வாசல் வரைக்கும் வந்தேன். பூக்கடைக்காரனுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு மேளச் சத்தத்தக் கேட்டேன். கெட்டிமேளம் கேக்கறப்ப அங்கயே நின்னு கும்புட்டேன். ஊருக்குள்ள அத்தன வீராப்புப் பேசுனவ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உள்ள வர்றதுன்னு திரும்பிப்போட்டேன். இத்தன வருசமும் அதைச் சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு, நீதான் தப்புப் பண்ணுனயின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தப்பு என்னுதுதான். என்ன மன்னிச்சுரு."

கணினி முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, காத்தாடியை மெதுவாகத் தணித்துக்கொண்டது. நிறைமதி தாயின் எதிரே மண்டியிட்டு, அந்த மரத்த விரல்களை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

சென்னியப்பன் பலகையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அதை அவர் தடவிப் பார்க்கவில்லை. குனிந்து, ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று தாம் உட்கார்ந்திருந்த தரையைத்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார்.